டிகாக்‌ஷன் இறங்கும் நேரம்
வருங்காலத்தில் சமையலறையே இருக்காது, எல்லாவற்றையும் இயந்திரம் செய்துவிடும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். இருக்கலாம். என்னை மலைக்க வைப்பது பழைய இயந்திரங்கள்தான். 1977 செப்டம்பரில் கிளம்பிய நாசாவின் வாயேஜர் 1 விண்கலத்தின் கணினி நினைவகம் 70 கிலோபைட்டுக்கும் குறைவு. வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்க ரோஜாப்பூ படம்கூட பெரும்பாலும் அதில் அடங்காது! 2023 நவம்பரில் அந்த விண்கலம் புரியாத தகவல்களை அனுப்பி உளற ஆரம்பித்தது. ஒரு சில்லு பழுது. அதிலிருந்த நிரலைத் துண்டு துண்டாக வேறு இடங்களுக்கு மாற்றி, 2024 ஏப்ரலில் மறுபடி ஒழுங்காகப் பேச வைத்தார்கள். பூமியிலிருந்து கட்டளை போய்ச்சேர 22 மணி நேரத்துக்கு மேல். பதில் வர இன்னொரு 22.

அந்தச் செய்தியைப் படித்த காலையில், டிகாக்‌ஷன் இறங்கவில்லையே என்று நான் பில்டரின் தலையில் தட்டிக்கொண்டிருந்தேன். தூளை அதிகமாக அமுக்கிவிட்டேன். (அதற்கு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.) பொத்தானை அழுத்தினால் காபி கொட்டும் இயந்திரம் அலுவலகத்தில் இருக்கிறது. சூடாக இருக்கும், அவ்வளவுதான். டபராவில் ஆற்றும்போது எழும் நுரையும் மணமும் அதில் ஏது?

ரோபோ வந்து பாத்திரம் தேய்க்கட்டும், ஆட்சேபணை இல்லை. காபியை நானே ஆற்றிக்கொள்கிறேன்.