திண்டுக்கல்லில் எம்.ஜி.ஆர். போட்டியிட்டாரா?

கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் டீ குடிக்கும்போது பக்கத்து மேசைத் தம்பி போனை நீட்டினார். எம்.ஜி.ஆர். படத்தோடு ஒரு வாட்ஸ்அப் செய்தி: ‘1973இல் திண்டுக்கல்லில் நின்று ஜெயித்தார், உடனே முதலமைச்சர் ஆனார். கட்சிக்கு வயது ஏழே மாதம்!’ பழனி மலைக் குரூப்புகள் எல்லாவற்றிலும் இதுதான் ஓடுகிறதாம்.

ஏழு மாதம் என்பது மட்டும் சரி. அ.தி.மு.க. தொடங்கியது 1972 அக்டோபர் 17. இடைத்தேர்தல் நடந்தது 1973 மே மாதம். ஆனால் நின்றவர் எம்.ஜி.ஆர். இல்லை, வழக்கறிஞர் மாயத்தேவர். அவர் கேட்டு வாங்கிய சின்னம்தான் இரட்டை இலை, அப்புறம் அதுவே கட்சியின் அடையாளம் ஆனது. ஆளுங்கட்சியான தி.மு.க. மூன்றாம் இடத்துக்குப் போனது. நம் மலையடிவாரத்தில் நடந்த இவ்வளவு பெரிய விஷயத்தில் ஜெயித்தவரின் பெயரையே விட்டுவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இன்னொன்று, அது மக்களவைத் தொகுதி. அதில் ஜெயித்தால் டெல்லிக்குத்தான் போக முடியும், கோட்டைக்கு இல்லை. தி.மு.க. ஆட்சி 1976 ஜனவரி 31 வரை நீடித்தது. அன்று மத்திய அரசு அதைக் கலைத்தது. பிறகு குடியரசுத் தலைவர் ஆட்சி. 1977 ஜூன் தேர்தலில் அ.தி.மு.க. 234இல் 130 இடங்களைப் பிடித்தது. அருப்புக்கோட்டையில் வென்ற எம்.ஜி.ஆர்., ஜூன் 30 அன்று முதலமைச்சராகப் பதவியேற்றார். திண்டுக்கல்லுக்கும் பதவியேற்புக்கும் நடுவே நான்கு வருடங்கள்.

தம்பி அங்கேயே அதை அழித்துவிட்டார்.