ஒரு ஸ்ட்ரீமுக்கு இவ்வளவு என்று கணக்கு இல்லை

‘ஒரு முறை கேட்டால் இவ்வளவு என்று ஸ்பாட்டிஃபை பாடகருக்கு நேரடியாகத் தருகிறது’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி நிலையான தொகையே கிடையாது. வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை ஒதுக்கி, மொத்த ஸ்ட்ரீம்களில் (பாட்டுகள் கேட்கப்பட்ட தடவைகளில்) யாருடைய பங்கு எவ்வளவு என்று பார்த்துப் பிரிக்கிறார்கள். உங்கள் பாட்டை அதே எண்ணிக்கையில் கேட்டாலும், மற்ற பாடல்கள் அதிகம் ஓடினால் உங்கள் பங்கு இளைத்துவிடும்.

அந்தப் பணமும் நேராகப் பாடகர் கைக்கு வராது. ஒலிப்பதிவு உரிமைக்கானது லேபிளுக்கோ (பாட்டை வெளியிடும் இசை நிறுவனம்) விநியோகஸ்தருக்கோ போகும். இசை, பாடல் வரிகளுக்கானது தனி வழி. அப்புறம் ஒப்பந்தம் சொல்வதுதான். லேபிளிடம் வாங்கிய முன்பணம் கழியும்வரை பைசா பார்க்காதவர்களும் உண்டு.

இன்னொன்று: 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 ஸ்ட்ரீமைத் தொடாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபையில் ஒலிப்பதிவு ராயல்டியே (உரிமைத்தொகையே) இல்லை.