உத்தான சயனம்

(கும்பகோணம் சாரங்கபாணி கோயில். புதன்கிழமை, காலை பத்தரை மணி. பிராகாரத்தில் ஒரு தூணோரமாகத் துண்டை விரித்து, கையைத் தலைக்கு முட்டுக்கொடுத்துச் சாய்ந்திருக்கிறார் தையல்காரர் சாமிநாதன். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்குகிறது. குளிக்கும்போதாவது அதைக் கழற்றுவாரா என்பது அவர் மனைவிக்கே சந்தேகம். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் செல்வி வருகிறார்.)

செல்வி: என்ன அண்ணே, கடையைப் பூட்டிவிட்டு இங்கே வந்து கிடக்கிறீர்கள்?

சாமிநாதன்: மெதுவாகப் பேசு. ஓய்வு எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

செல்வி: அதை வீட்டில் எடுக்கக் கூடாதா?

சாமிநாதன்: வீட்டில் முதுகு பாயில் படவேண்டியதுதான். ‘சும்மாதானே படுத்திருக்கீங்க, அந்த மாவை அரைச்சு வாங்கிட்டு வந்துடுங்க’ என்று ஆரம்பித்துவிடும். நிற்கிறவனை யாரும் ஏவுவதில்லை, செல்வி. படுத்தவனைத்தான் ஏவுகிறார்கள். சரி, நீ வேலைக்குப் போகவில்லையா?

செல்வி: இன்றைக்கு எனக்கு வார லீவு. காலை அஞ்சு மணியிலிருந்து லீவு எடுத்துக்கொண்டிருக்கிறேன். துணி துவைத்தேன், தண்ணீர்த் தொட்டி கழுவினேன், ரேஷனுக்குப் போனேன், மாமியாருக்கு மாத்திரை வாங்கினேன். இப்போதுதான் அரை மணி நேரம் கிடைத்தது. அதில் பாதி இங்கே நடந்து வருவதிலேயே போய்விட்டது.

(உட்காருகிறார். முழங்கால் மடக்கென்று சத்தம் போடுகிறது.)

சாமிநாதன்: அது உன் காலா, கோயில் கதவா?

செல்வி: உட்கார்ந்து ரொம்ப நாளாயிற்று அண்ணே, அதற்கு மறந்துபோய்விட்டது.

சாமிநாதன்: கடையில் வேலை பார்க்கிறவர்கள் உட்காரலாம் என்று 2021-ல் சட்டமே போட்டார்களே?

செல்வி: போட்டார்கள். கேரளாவில் 2018-லேயே வந்துவிட்டது, நமக்கு மூன்று வருடம் கழித்து வந்தது. எங்கள் செக்‌ஷனுக்கும் ஒரு ஸ்டூல் வந்தது.

சாமிநாதன்: அப்புறம் என்ன, உட்கார வேண்டியதுதானே?

செல்வி: அதில் அட்டைப்பெட்டி உட்கார்ந்திருக்கிறது. அதை இறக்கி வைத்துவிட்டு உட்காரலாம் என்றால், கஸ்டமர் இருக்கும்போது உட்கார்ந்தால் மரியாதை இல்லையாம். கஸ்டமர் இல்லாதபோது உட்காரலாமாம். கஸ்டமர் இல்லாதபோதுதானே அண்ணே, பிரித்துப் போட்ட புடவையை எல்லாம் மடிக்க வேண்டும்? நேற்று ஒரு அம்மா 60 புடவை பிரிக்கச் சொன்னார். கடைசியில், ‘முதல்ல ஒரு நீலம் காட்டினீங்களே’ என்றார். அது எல்லாவற்றுக்கும் அடியில்.

சாமிநாதன்: எடுத்தாரா?

செல்வி: இரண்டு ஃபால்ஸ் எடுத்தார்.

சாமிநாதன்: என் கதை நேர்மாறு. காலையில் மிஷினில் உட்கார்ந்தால் ராத்திரி ஒன்பது மணி. இடுப்பு எங்கே முடிகிறது, நாற்காலி எங்கே ஆரம்பிக்கிறது என்று எனக்கே தெரிவதில்லை. எனக்காக நிற்கும் உரிமைச் சட்டம் ஒன்று போட்டால் தேவலை.

செல்வி: ஒரு வாரம் மாற்றிக்கொள்வோமா? நீங்கள் கடையில் நில்லுங்கள், நான் மிஷினில் உட்காருகிறேன்.

சாமிநாதன்: நீ தைத்தால் ஊரில் ஒருத்திக்கும் ப்ளவுஸ் சரியாக இருக்காது.

செல்வி: யாருக்கும் வித்தியாசமே தெரியாது அண்ணே.

(சாமிநாதன் அதைக் காதில் வாங்கிக்கொள்ளாத மாதிரி கோபுரத்தைப் பார்க்கிறார். 11 நிலை. பார்க்க நிறைய இருக்கிறது.)

சாமிநாதன்: நம்மை விடு. உள்ளே இருக்கிறாரே, அவரைப் பார். படுக்கத்தான் வந்தார். விட்டார்களா?

செல்வி: யார், பெருமாளா?

சாமிநாதன்: சன்னதியைக் கவனித்திருக்கிறாயா? தேர் மாதிரியே கட்டியிருக்கிறார்கள். சக்கரம், குதிரை எல்லாம் உண்டு. வேலைக்குப் போகிற வண்டியிலேயே கண்ணயர்ந்த மாதிரி, நாமெல்லாம் டவுன் பஸ்ஸில் தூங்குவோமே அப்படி. அங்கே திருமழிசை ஆழ்வார் வந்து நிற்கிறார். ‘ஏன் படுத்திருக்கிறீர்? நடந்து நடந்து கால் நொந்துவிட்டதா? கிடந்தபடியே எழுந்து பேசும்’ என்று பாடுகிறார்.

செல்வி: அடடா, கால் வலியைப் பற்றி ஒருத்தராவது விசாரித்தாரே! எங்கள் கடையில் அதுகூடக் கிடையாது.

சாமிநாதன்: விசாரித்துவிட்டு எழுந்திரு என்றல்லவா சொன்னார்! பக்தன் கூப்பிட்டுவிட்டானே என்று இவர் பாதி எழுந்தார். நிஜமாகவே எழுந்துவிட்டாரே என்று ஆழ்வார் பதறி, ‘வாழி’ என்று பாடி நிறுத்தினார். முழுக்கப் படுக்கவும் இல்லை, முழுக்க எழவும் இல்லை. உத்தான சயனம். இன்றுவரை அப்படியே.

செல்வி: ஞாயிற்றுக்கிழமை என் பையன் காலையில் இப்படித்தான் இருப்பான்.

சாமிநாதன்: இன்னும் கேள். காஞ்சிபுரத்தில் திருவெஃகா இருக்கிறதே, அங்கேயும் இதே ஆழ்வார்தான். சீடர் கணிகண்ணனைப் பல்லவ ராஜா ஊரைவிட்டுப் போ என்றுவிட்டான். ஆழ்வாரும் கிளம்பினார். சும்மா கிளம்பவில்லை. ‘கணிகண்ணன் போகிறான், நானும் போகிறேன், நீ மட்டும் ஏன் படுத்திருக்கிறாய்? பாம்புப் பாயைச் சுருட்டிக்கொள்’ என்றார். பெருமாளும் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தார்.

செல்வி: ராஜா?

சாமிநாதன்: கையைக் காலைப் பிடித்து எல்லாரையும் திரும்பக் கூட்டிவந்தான். ‘சரி, பாயை விரித்துக்கொள்’ என்றார் ஆழ்வார். விரித்துக்கொண்டார். அதனால்தான் சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்று பெயர்.

செல்வி: நம்ம மேனேஜருக்கு ரொம்பப் பிடித்த பெருமாளாக இருப்பார் போலிருக்கிறதே.

சாமிநாதன்: விவரமானவர் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார். மூலவர் உள்ளே அசையாமல் படுத்திருப்பார். வீதி உலா, வைகுண்ட ஏகாதசி என்றால் உற்சவர் நம்பெருமாள்தான் வெளியே வருவார். இவர் புரண்டுகூடப் படுப்பதில்லை. ஓய்வு வேண்டுமென்றால் நமக்கும் ஒரு உற்சவர் வேண்டும், செல்வி. அலைவதற்கு ஓர் ஆள்.

செல்வி: எனக்கு யார் இருக்கிறார்கள்?

சாமிநாதன்: உன் வீட்டுக்காரர்?

செல்வி: அவர்தான் மூலவர் அண்ணே. கல்யாணமானதிலிருந்து கிடந்த கோலம். நைவேத்தியம் மட்டும் நேரத்துக்கு ஆகவேண்டும்.

(செல்வியின் பைக்குள் போன் உறுமுகிறது. இருவரும் பையையே பார்க்கிறார்கள். நிற்கிறது. மறுபடி உறுமுகிறது.)

சாமிநாதன்: எடுக்காதே.

செல்வி: எடுக்கவில்லை. மேனேஜராகத்தான் இருக்கும். ‘லீவுதானே, சும்மாதானே இருப்பே, முகூர்த்தக் கூட்டம், ஒரு ரெண்டு மணி நேரம் வந்துட்டுப் போ’ என்பார்.

சாமிநாதன்: அணைத்து வை.

செல்வி: அணைத்தால் மாமியார் கூப்பிட்டாரா என்று யோசனை வரும். அதற்கு எடுத்தே தொலைக்கலாம்.

(போன் ஓய்கிறது. செல்வி தூணில் சாய்கிறார். சாமிநாதன் கண்ணை மூடுகிறார். புறா ஒன்று சிறகடிக்கிறது. அவ்வளவுதான், வேறு சத்தமில்லை. இரண்டு நிமிடம் போகிறது. இருவருக்கும் இந்த மாதத்தில் கிடைத்த மிக நீண்ட இரண்டு நிமிடம் அதுதான்.)

செல்வி: அண்ணே.

சாமிநாதன்: ம்.

செல்வி: கால் நொந்துவிட்டதா?

சாமிநாதன்: இல்லை, இடுப்பு. ஏன்?

செல்வி: போன வெள்ளிக்கிழமை தருகிறேன் என்று சொன்ன என் ப்ளவுஸ் என்னவாயிற்று? கொஞ்சம் கிடந்தபடியே எழுந்து பேசுங்கள்.

(சாமிநாதன் ஒரு கையை ஊன்றிப் பாதி எழுகிறார்.)

சாமிநாதன்: துணி வெட்டிவிட்டேன். கொக்கி மட்டும்தான் பாக்கி.

செல்வி: வெட்டுவதற்கும் கொக்கிக்கும் நடுவில் தைப்பது என்று ஒன்று உண்டே, அண்ணே?

(சாமிநாதன் பாதி எழுந்தபடியே உறைந்துபோகிறார்.)

செல்வி: அப்படியே இருங்கள், பதற வேண்டாம். எனக்கு ஒன்றும் அவசரமில்லை. அதோ, கோபுர வாசலில் மஞ்சள் பையோடு யாரையோ தேடிக்கொண்டு வருகிறாரே எங்கள் தெரு டீச்சரம்மா, அவருக்குத்தான் அவசரம். நாளை மறுநாள் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம்.

(சாமிநாதன் சட்டென்று மல்லாந்து, துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொள்கிறார்.)

சாமிநாதன்: (துண்டுக்குள்ளிருந்து) மூலவருக்குத் திரை போட்டாயிற்று என்று சொல்லிவிடு. உற்சவரைப் பார்க்கச் சொல்.

செல்வி: உற்சவர் யார்?

சாமிநாதன்: இன்றைக்கு நீதான். ஓடு.