பெரிய சனியில் அவசரப்பட வேண்டாம்

பெரிய வெள்ளிக்கு எங்கள் யாழ்ப்பாணத்தில் ஒரு குறையும் இல்லை. ஒருசந்தி நோன்பு, சிலுவைப் பாதை, பசாம் என்கிற பாடுகளின் புலம்பல், பாடுகளின் காட்சி என்று நாள் நிறைந்திருக்கும். உயிர்த்த ஞாயிறைச் சொல்லவே வேண்டாம். நடுவில் கிடக்கிற சனிதான் பாவம். காலையில் இறைச்சிக் கடை, பின்னேரம் தையல்காரரிடம் ஓட்டம், இரவானதும் பாஸ்கா பூசைக்கு மெழுகுதிரி.

எனக்கு வருசத்தில் மிகப் பிடித்த நாளே அதுதான் என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள். சனி பகலில் ஒருதரம் கோயிலுக்குள் போய்ப் பாருங்கள். பீடத்தில் துணி இருக்காது. நற்கருணைப் பேழை வெறுமையாகத் திறந்து கிடக்கும். பக்கத்தில் எப்போதும் எரிகிற விளக்கும் அணைந்திருக்கும். வியாழன் இரவு 'உன்னதங்களிலே' கீதம் பாடும்போது அடித்த மணி அதற்குப் பிறகு அடிக்காது. பகலில் பூசையும் கிடையாது. திருச்சபை வேண்டுமென்றே சும்மா விட்ட நாள்.

இயேசுவை அடக்கம் செய்த மறுநாள், அந்த முதல் சனியில் என்ன நடந்தது? அவரோடு வந்த பெண்கள் ஓய்வுநாள் கட்டளைப்படி ஓய்ந்திருந்தார்கள் என்று லூக்கா ஒரு வரியில் முடிக்கிறார். மத்தேயு மட்டும் இன்னொன்று சொல்கிறார்: தலைமைக் குருக்களும் பரிசேயரும் பிலாத்திடம் போய்க் காவல் கேட்டு, கல்லறைக்கு முத்திரை வைத்தார்கள். ஆக, அன்று ஓடித்திரிந்தது அதிகாரம் மட்டும்தான். கல்லறைக்குக் காவல் போடுவது என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. கோப்பாயில் புலிப் போராளிகளைப் புதைத்த துயிலுமில்லத்தை இடித்து, அந்த நிலத்தில் படைத் தலைமையகம் கட்டி 2011இல் திறந்ததைப் பார்த்த சனம் நாங்கள்.

ஆனால் அந்தப் பெண்களுக்கு உடலைக் கிடத்திய இடமாவது தெரியும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு குந்திய தாய்மாருக்கு அதுவும் தெரியாது. அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் சுவாமி 2006 ஓகஸ்ட் 20இல் காணாமல் போனவர். அவருக்கு ஆத்தும இளைப்பாற்றிப் பூசை வைப்பதா, திரும்பி வர வேண்டுமென்று மன்றாடுவதா?

அதனால்தான் சில பிரசங்கங்கள் எனக்கு ஒத்துவருவதில்லை. மகனைத் தேடுகிற தாயிடம் "கவலைப்படாதேங்கோ அம்மா, உயிர்ப்பு இருக்குது" என்று சொல்லி அனுப்புவது. உயிர்ப்பை நானும் நம்புகிறேன், அதில் பிரச்சினை இல்லை. ஆனால் தன் பிள்ளைக்கு வெள்ளி வந்ததா என்றே அந்த அம்மாவுக்குத் தெரியாது, நாங்கள் ஞாயிறு வாழ்த்துச் சொல்கிறோம். மரணச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போகச் சொன்ன அரசும் இதே அவசரத்தில்தான் இருந்தது.

நான் கேட்பது பெரிய விசயம் இல்லை. சனி முழுநாளும் கோயில் கதவு திறந்திருக்கட்டும். பாட்டு, பிரசங்கம், அறிவித்தல் ஒன்றும் வேண்டாம். எந்தச் சமயத்தவரானாலும் வந்து இருந்துவிட்டுப் போகட்டும். அடுத்த பங்குச் சபைக் கூட்டத்தில் இதைக் கேட்கத்தான் போகிறேன். கதவைத் திறக்கச் சம்மதிப்பார்கள். லவுட்ஸ்பீக்கரை நிற்பாட்டச் சொன்னால்தான் சண்டை வரும்.