எண்ணை மாற்ற வேண்டியவள் அவளா?

விவாகரத்துக்குப் பிறகும் பழைய கணவன் தொந்தரவு செய்கிறான் என்று ஒரு பெண் சொன்னால், எங்கள் கொங்குப் பக்கம் அவளுக்கு இரண்டு அறிவுரைகள் கிடைக்கும். "போன் எண்ணை மாற்றிக்கொள், கண்ணு." "பெரியவர்களை வைத்துப் பேசிவிடலாம்." இரண்டையும் கேட்டுக் கேட்டு எனக்கு ஆத்திரம்தான் மிச்சம்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். எண்ணை மாற்றினாள். அவன் காங்கேயத்தில் இருக்கும் அவள் அம்மாவுக்குப் போன் செய்தான். ஷிப்ட் விடும் நேரத்தில் கம்பெனி வாசலில் நின்றான். பெரியவர்கள் கூப்பிட்டுப் பேசினார்கள், அவனும் தலையாட்டினான். பிறகு மறுபடியும் வந்தான். பெரியவர்களின் பேச்சை மீறியதற்காக அவனை யார் என்ன செய்தார்கள்?

மாஜிஸ்திரேட்டின் உத்தரவை அப்படி மீற முடியாது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், 18ஆம் பிரிவு: போன், கடிதம், நேரில் பேச்சு என எந்த வழியிலும் அவளைத் தொடர்புகொள்ளக் கூடாது, வேலை செய்யும் இடத்துக்குப் போகக் கூடாது என்று தடுக்கலாம். அவளுக்கு உதவும் உறவினர்களுக்கும் பாதுகாப்பு உண்டு. அவசரம் என்றால் அவன் நீதிமன்றத்துக்கு வருவதற்கு முன்பே இடைக்கால உத்தரவு போடலாம். உத்தரவின் நகல் காவல் நிலையத்துக்கும் இலவசமாகப் போகும். மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்; ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம்.

"விவாகரத்துதான் ஆகிவிட்டதே, இனி குடும்ப வன்முறை எங்கே?" என்று கேட்பவர்கள் சட்டத்தைப் படிக்க வேண்டும். கணவன் மனைவியாக எப்போதாவது ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்திருந்தாலே சட்டம் சொல்லும் குடும்ப உறவுக்குள் வந்துவிடும். விண்ணப்பிக்க மாவட்டச் சமூக நலத்துறையின் பாதுகாப்பு அலுவலர் உதவ வேண்டும். அது அவர் கடமை.

காதலித்துப் பிரிந்தவர்கள், நிச்சயம் முறிந்தவர்கள் சேர்ந்து வாழ்ந்திருக்கவில்லை என்றால் இந்த வழி அடைபட்டுவிடுகிறது. அது பெரிய குறை. அவர்களுக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு இருக்கிறது. விருப்பமில்லை என்று தெளிவாகச் சொன்ன பிறகும் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது, பழைய சட்டத்திலேயே 2013 முதல் குற்றம். ஆகவே "என்னைத் தொடர்புகொள்ளாதே" என்று ஒருமுறை எழுத்தில் அனுப்புங்கள். அதையும் அவன் அனுப்பியவற்றையும் அழித்துவிடாதீர்கள். கோபத்தில் அழிப்பவர்கள்தான் அதிகம். காவல் நிலையத்தில் அவனிடம் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடலாம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள், வழக்குப் பதியச் சொல்லுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 181 என்ற மகளிர் உதவி எண்ணில் பேசுங்கள்.