"ஒரே தூதர், 50 ஆண்டுகள், சொந்தக் காசு": லிதுவேனியா பற்றிய பகிர்வு தவறு

1940இல் சோவியத் விழுங்கிய லிதுவேனியாவுக்காக ஸ்டாசிஸ் லொசொராய்திஸ் என்ற ஒரே மனிதர் வாஷிங்டனில் 50 ஆண்டுகள் சொந்தச் செலவில் தூதரகம் நடத்தினார் என்று ஒரு பதிவு சுற்றுகிறது.

இந்தப் பெயரில் தந்தை, மகன் என இருவர் உண்டு, குழப்பம் அங்கேதான். தந்தை முன்னாள் வெளியுறவு அமைச்சர். 1940 முதல் 1983இல் இறக்கும்வரை ரோமிலிருந்து, வெளிநாடுகளில் இருந்த லிதுவேனியத் தூதர்கள் அனைவருக்கும் தலைவராக இருந்தார். மகன் வாஷிங்டன் பொறுப்பேற்றதே 1987இல்தான். அவருக்கு முன் ஜாதெய்கிஸ், கயெட்ஸ்காஸ், பச்கிஸ் என மூவர் அந்த நாற்காலியில் இருந்தனர்.

சொந்தக் காசும் இல்லை. 1940 ஜூலையில் அமெரிக்கா முடக்கிவைத்த லிதுவேனிய அரசுப் பணத்திலிருந்தே செலவுக்கு விடுவிக்கப்பட்டது. அது தீர்ந்துபோன 1980 வாக்கில் லாத்வியத் தூதரகத்தின் நிதி கைகொடுத்தது. (இந்த உண்மையே கட்டுக்கதையைவிடச் சுவையானது.) லிதுவேனியாவை சோவியத் தன்னோடு இணைத்ததை ஏற்க மறுத்த 1940 ஜூலை 23 அமெரிக்க அறிக்கைதான் தூதரகத்துக்குச் சட்டப் பிடிமானம்.

அமெரிக்க வெளியுறவுத் துறையின் வரலாற்றுப் பிரிவு இணையதளத்தில் சரிபார்க்கலாம். அந்தப் பதிவை இனி அனுப்ப வேண்டாம். அனுப்பியிருந்தால் அதே குழுவில் இதையும் போடுங்கள்.