அந்த வால் எங்கே போனது?

பழைய விலங்குப் படத்தை யாராவது பகிர்ந்தால் பின்னூட்டம் இரண்டு விதமாகத்தான் வரும். ‘அந்தக் காலத்திலேயே என்ன துல்லியம்!’ என்று ஒன்று. ‘பார்க்காமலே வரைஞ்சிருக்கான்’ என்று இன்னொன்று. ஓவியர் முன்னால் என்ன கிடந்தது என்று யாரும் கேட்பதில்லை.

ஆஸ்திரேலியாவின் பன்றிக்கால் பேண்டிகூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். (பேண்டிகூட் என்பதே தெலுங்கின் ‘பந்திகொக்கு’, அதாவது பன்றியெலி. நம்ம ஊர்ப் பெருச்சாளிக்குச் சொன்ன பேர், குட்டியைப் பையில் வளர்க்கும் சம்பந்தமே இல்லாத பைம்மாவுக்குப் போய் ஒட்டிக்கொண்டது. ஆக, இதன் பெயரில் பன்றி இரண்டு தடவை.) உடல் 25 செ.மீ. அளவு, எடை 200 கிராம் போல. முன்காலில் தரையில் ஊன்றுவது இரண்டே விரல், பன்றிக் குளம்பு மாதிரி. பின்காலில் ஒரே விரல், குதிரை மாதிரி. இன்று இந்த விலங்கே இல்லை.

1836இல் நில அளவையாளர் தாமஸ் மிட்செலின் பயணக் குழு மர்ரே ஆற்றுப் பக்கம் ஒன்றைப் பிடித்தது. அதற்கு வால் இல்லை. எப்படியோ அறுந்துபோயிருக்கிறது. மிட்செல் உள்ளதை உள்ளபடி வரைந்தார். 1838இல் விலங்கியலாளர் ஓகில்பி அதற்கு ‘எகாடேடஸ்’, வாலில்லாதது, என்று அறிவியல் பெயர் வைத்துவிட்டார். இதில் படம் வரைந்தவர் மேல் ஒரு குற்றமும் கிடையாது; ஒற்றை மாதிரியை வைத்து முழு இனத்துக்கும் பெயர் சூட்டியதில்தான் கோளாறு. பிறகு கிடைத்தவற்றுக்கெல்லாம் வால் இருந்தது, 10 செ.மீ.க்கு மேலேயே.

1857இல் விலங்கு மாதிரி சேகரிக்க அதே பக்கம் போன கெரார்ட் கிரெஃப்ட், மிட்செலின் படத்தைக் காட்டி ‘இது வேண்டும்’ என்று அங்குள்ள பழங்குடிகளிடம் கேட்டார். அவர்கள் சாதாரணப் பேண்டிகூட்டுகளைப் பிடித்து, வாலைப் பிடுங்கிவிட்டுக் கொண்டுவந்தார்கள். கேட்டது வாலில்லாதது, கொடுத்தது வாலில்லாதது. அவர்களைச் சொல்லி என்ன?

இயற்கையியலாளர் ஜான் கூல்டின் ஆஸ்திரேலியப் பாலூட்டிகள் தொகுதியில் (1845–1863, 182 படங்கள்) இது வாலோடுதான் இருக்கிறது. அந்தப் படங்களைப் பார்க்கும்போது முதலில் கோட்டை நம்புங்கள், நிறத்தை அப்புறம். இவை கல்லச்சுப் படங்கள்: சுண்ணாம்புக்கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள கறுப்புக் குச்சியால் வரைவார்கள். கல்லை நனைத்து மை உருட்டினால், ஈரம் இருக்குமிடம் மையைத் தள்ளும், பசை இருக்குமிடம் பிடிக்கும். அச்சாவது அந்தக் கோடு மட்டும். நிறம் ஒவ்வொரு தாளிலும் கையால் பூசியது, ஒரு மாதிரித் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அதனால் ஒரே படத்தின் இரண்டு பிரதிகளில் ரோமம் வேறு வேறு பழுப்பாக இருக்கும். ஈயவெள்ளை பூசிய இடம் காற்றிலுள்ள கந்தகம் பட்டு நாளாவட்டத்தில் கறுக்கும். அதைப் புள்ளி என்று நினைத்துவிடக் கூடாது.

அடுத்து உடல்வாகு. ஓவியர் முன்னால் கிடந்தது பல சமயம் காய்ந்த தோலோ, திணித்த உடலோ, சாராயத்தில் ஊறியதோதான். காய்ந்த தோலில் காது சுருங்கும், மூக்கின் நிறம் போய்விடும். திணிக்கிறவர் வைக்கோலை அதிகம் அடைத்தால் வயிறு பீப்பாய் ஆகும். சாராயத்தில் ஊறியது ரோமம் வெளுத்து வரும். பல், நகம், விரல் எண்ணிக்கை இவை அவ்வளவு சீக்கிரம் கெடாது. அதனால் படத்தில் காலைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

பெயரை மாற்றலாமே என்கிறீர்களா? விலங்கியலாளர் கிரே 1842இல் ‘காஸ்டனோடிஸ்’ என்று வேறு பெயர் கொடுத்தார், கூல்டும் அதையே எடுத்துக்கொண்டார். ஆனால் முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை என்பது வகைப்பாட்டு விதி. வாலுள்ள அந்த விலங்கு இன்றைக்கும் எகாடேடஸ்தான்.